கால் நரம்புச் சுருட்டலுக்கு லேசர் என்கிறார்கள், செய்துகொண்டவர்கள் சொல்லுங்களேன்

நாள்பூரா_நிற்பவள்

வணக்கம். இடது காலில் முழங்காலுக்குக் கீழே உள்பக்கமாக நரம்பு புடைத்துக்கொண்டு பல வருடமாக இருக்கிறது. முதல் பிரசவத்தின்போது லேசாகத் தெரிந்தது, இரண்டாவதுக்குப் பிறகு நன்றாகச் சுருண்டு வெளியே வந்துவிட்டது. நாள் முழுக்க நின்றுகொண்டு பாடம் நடத்துகிற வேலை வேறு. சாயங்காலமானால் கால் கனத்து, கணுக்கால் வீங்கி, ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்து எழுப்பிவிடுகிறது. போன வாரம் நிற்க வைத்து, ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். தொடையில் ஓடுகிற பெரிய சிரையில் (நாம் நரம்பு என்கிற ரத்தக்குழாய்தான்) வால்வு கெட்டுப்போயிருக்கிறது, ரத்தம் கீழேயே திரும்பி வருகிறது, லேசர் வைத்து அந்தக் குழாயை அடைத்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். அவர் சொன்ன வேகத்தில் எனக்குக் கேள்வி எதுவும் வாயில் வரவில்லை, வீட்டுக்கு வந்தபிறகுதான் வரிசையாக வருகிறது.

அடைத்துவிட்டால் அந்த ரத்தம் எந்த வழியாக மேலே போகும்? மயக்கம் கொடுக்காமல் முழித்திருக்கும்போதே செய்வார்களாமே, தாங்குமா? எத்தனை நாள் லீவு போட வேண்டியிருக்கும்? இன்னொன்று, என் தங்கை தோல் டாக்டரிடம் காலில் லேசர் செய்துகொண்டாள். சிவப்புக் கோடுகள் பாதிதான் போயிற்று, போன இடத்திலும் பழுப்பாகத் தடம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. மாமியார் தன் பங்குக்கு "அது எப்படியும் திரும்ப வரும், எதுக்கு வீண் வேலை" என்கிறார். தேடிப் படித்தால் எல்லாமே விளம்பரமாக இருக்கிறது. நிஜமாகச் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

ஸ்கேன்_ரூம்

ரத்தக்குழாய் ஸ்கேன் எடுக்கிற வேலையில் இருக்கிறேன், டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் தங்கையை இதிலிருந்து பிரித்துவிடுவோம். அவர் செய்துகொண்டதும் உங்களுக்குச் சொல்லியிருப்பதும் பெயரில் மட்டும்தான் ஒன்று. அவருடையது தோலுக்கு வெளியிலிருந்து அடிக்கிற லேசர். ஒளி தோலைத் தாண்டி உள்ளே போய், மெல்லிய குழாயில் இருக்கிற ரத்தத்தின் சிவப்பு நிறமியைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் குழாய் சுருங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் நம் தோலின் கருமை நிறமியும் அதே ஒளியை உறிஞ்சும். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் கொப்புளம், பழுப்புத் தடம், சில சமயம் வெளிறிய தடம் எல்லாம் வருவது இதனால்தான். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் இதில் கொஞ்சம் பாதுகாப்பானது, அலைநீளம் குறைந்தவை நம் தோலுக்கு ஆபத்து அதிகம். உண்மையைச் சொன்னால் காலில் இருக்கிற சிலந்தி வலை மாதிரிக் கோடுகளுக்கு லேசரைவிட ஸ்க்ளிரோதெரபி ஊசியைத்தான் (குழாய்க்குள் மருந்து விட்டு அடைப்பது) பல டாக்டர்கள் முதலில் எடுக்கிறார்கள். அதுவும் அடியில் ஒரு பெரிய குழாய் கசிந்துகொண்டிருந்தால், மேலே எதைச் செய்தாலும் கோடுகள் திரும்ப வரும். அவருக்கு முதலில் டாப்ளர் எடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள், நிறைய இடங்களில் எடுப்பதில்லை.

உங்களுக்குச் செய்யப்போவது குழாய்க்குள்ளே மெல்லிய ஃபைபரை விட்டு உள்ளிருந்தே சுடுவது. தோல் நிறத்துக்கு இதில் வேலையே இல்லை.

அடுத்தது, ரத்தம் எங்கே போகும். காலிலிருந்து மேலே போகிற ரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தசைக்குள் ஆழத்தில் இருக்கிற சிரைகள் வழியாகத்தான் போகிறது. தோலுக்குக் கீழே இருக்கிற இந்தப் பெரிய சிரை துணைக்கு இருப்பதுதான். வால்வு கெட்டபிறகு அது துணைகூட இல்லை. கெண்டைக்கால் தசை கஷ்டப்பட்டு மேலே தள்ளுகிற ரத்தம் இந்தக் குழாய் வழியாக மறுபடி கீழே வந்துவிடுகிறது, இறைத்த தண்ணீர் திரும்பக் கிணற்றிலேயே விழுகிற கதை. சாயங்காலக் கனம், வீக்கம், இரவு வலி எல்லாம் அந்தத் தேக்கத்தால்தான். ஆகவே கெட்ட குழாயை மூடினால் கால் ரத்தத்துக்கு வழி குறையாது, சுமைதான் குறையும். ஆனால் ஆழச் சிரைகள் அடைப்பில்லாமல் திறந்திருக்கின்றன என்று ஸ்கேனில் உறுதியாகியிருக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுகிற வரி அதுதான். அடுத்து, ரத்தம் எத்தனை நேரம் பின்னால் வருகிறது என்று எழுதியிருப்பார்கள். இந்தச் சிரையில் அரை வினாடிக்கு மேல் போனால் வால்வு கசிகிறது என்று அர்த்தம். நிற்க வைத்து எடுத்தார்கள் என்கிறீர்கள், நல்லது. படுக்க வைத்தே எடுத்து முடித்துவிட்டால் கசிவு சரியாகத் தெரியாமல் போகலாம்.

மாடிப்படி

நான் வலது காலுக்குச் செய்துகொண்டேன், அதே பெரிய சிரைதான். அன்றைய தினத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் அதுதான் பயமாக இருந்தது.

முதலில் நிற்க வைத்துப் புடைப்புகள் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போடுவார்கள். அப்புறம் படுக்க வைத்து, முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு மரத்துப்போகிற ஊசி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சிரைக்குள் ஒரு சின்னத் துளை. வெட்டு கிடையாது, தையல் கிடையாது. அந்தத் துளை வழியாக ஃபைபரை மேலே தொடை இடுக்கு வரை கொண்டுபோவார்கள். அங்கே ஆழச் சிரையோடு சேருகிற இடத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள், சூடு ஆழச் சிரையைத் தொடக் கூடாது என்பதற்காக. இது நடப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

தெரியப்போவது அதற்கு அடுத்த கட்டம். சிரை ஓடுகிற பாதை முழுக்க வரிசையாக ஊசி போட்டு, மரத்துப்போகிற மருந்து கலந்த உப்புத் தண்ணீரைச் சுற்றிலும் நிரப்புகிறார்கள். முழு விஷயத்திலும் வலி என்று சொல்ல வேண்டியது இதைத்தான். ஒவ்வொன்றும் சுருக்கென்று, பிறகு ஜில்லென்று உள்ளே அழுத்தம், மேலே போகப் போகத் தொடையின் உள்பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இதை மட்டும் தாண்டிவிடுங்கள். அந்தத் தண்ணீர் மரத்துப்போக வைப்பதற்கு மட்டும் இல்லை, குழாயை நசுக்கி ஃபைபரோடு ஒட்ட வைக்கிறது, சூடு பக்கத்துத் தசைக்கும் தோலுக்கும் போகாமல் தடுக்கிறது. அதனால் நர்ஸ் இன்னும் கொஞ்சம் விடணும் என்று சொன்னால் தடுக்காதீர்கள்.

அப்புறம் எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள், உங்களுக்கும் மாட்டிவிடுவார்கள். லேசரை இயக்கி, ஃபைபரை மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே வருவார்கள். அந்தச் சில நிமிடங்களில் எனக்கு எதுவும் வலிக்கவில்லை, உள்ளே ஏதோ இழுபடுகிற உணர்வு, அவ்வளவுதான். காலை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டாக்கிங்ஸ் மாட்டிவிட்டு உடனே எழுந்து நடக்கச் சொன்னார்கள். வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் இருக்கட்டும்.

இப்போது யாரும் சரியாகச் சொல்லாத பகுதி. முதல் இரண்டு மூன்று நாள் ரொம்ப நன்றாக இருக்கும், இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு வாரம் நெருங்கும்போது தொடையின் உள்பக்கம் கயிறு கட்டி இழுத்த மாதிரி விறைக்கும், தொட்டால் கட்டியாகக் கையில் தட்டுப்படும், காலை முழுசாக நீட்டினால் சுரீர் என்கும். எனக்கு அப்போது ரத்தக்கட்டு வந்துவிட்டதோ என்று கை கால் ஓடவில்லை. போய்க் காட்டினால், மூடின குழாய் சுருங்கித் தழும்பாகிக்கொண்டிருக்கிறது, இது வரத்தான் செய்யும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார் டாக்டர். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்! டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையும் நடையும்தான் மருந்து. படுத்தே கிடந்தால் விறைப்பு கூடுகிறது. நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போனது தானாகவே மறைந்தது.

லீவு பற்றி: உட்கார்ந்த வேலை என்றால் ஓரிரு நாளில் போய்விடலாம். உங்களுக்கு நின்றே வேலை, ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அதற்கு அடுத்த வாரமும் வகுப்பில் ஒரு நாற்காலி. அசையாமல் நிற்பதுதான் கெடுதல், நடப்பது இல்லை.

ஸ்டாக்கிங்ஸ் மாட்டுவது ஒரு தனிப் போராட்டம். காலையில் படுக்கையிலிருந்து காலைத் தொங்கப் போடுவதற்கு முன்னாலேயே மாட்டிவிடுங்கள், பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு தடவித் தடவி ஏற்றினால் ஏறும். தொடைப் பட்டை சிலருக்கு அரிக்கும்.

தொட்டா_தெரியாது

எனக்கு லேசர் நடந்து பல வருடமாகிறது. எல்லோரும் நல்லதாகச் சொல்லும்போது நான் வேறு மாதிரி சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், மறுபடி அதே நிலைமை வந்தாலும் செய்துகொள்வேன். ஆனால் "நிரந்தரத் தீர்வு" என்று போஸ்டரில் போடுகிறார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள்.

லேசர் மூடின குழாய் மூடினபடிதான் இருக்கிறது, பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் அப்படித்தான் என்றார்கள். ஆனால் வால்வு பலவீனமாக இருப்பது என் உடம்பின் சுபாவம், அப்பாவுக்கும் இருந்தது. கொஞ்ச வருடத்தில் பக்கத்தில் வேறொரு கிளை புடைத்துக்கொண்டு வந்தது, அதற்கு ஃபோம் ஊசி, அதாவது மருந்தை நுரையாக்கிக் குழாய்க்குள் விடுவது, போட்டுக்கொண்டேன். ஆக உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. திரும்ப வரலாம், ஆனால் அதே குழாயில் வருவது குறைவு, வந்தாலும் முன்பு இருந்த கனமும் வீக்கமும் எனக்கு வரவில்லை. அந்த இடைப்பட்ட வருடங்கள் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, என் பெயரே அதிலிருந்து வந்ததுதான், கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் கையகல இடத்தில் தொட்டால் தெரியாது. முழங்காலுக்குக் கீழே அந்தச் சிரையை ஒட்டியே ஒரு உணர்வு நரம்பு போகிறது, சூடு அதைத் தொட்டால் மரத்துப்போகும். பெரும்பாலோருக்கு மாதக் கணக்கில் சரியாகிவிடுகிறது, எனக்கு ஓரளவுதான் சரியானது. நடக்கவோ ஓடவோ இடைஞ்சல் இல்லை, கொசு கடித்தால் தெரியாது என்பது லாபம். எவ்வளவு கீழே வரை லேசர் போகப்போகிறீர்கள் என்று உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கீழே போகப் போக இந்த அபாயம் கூடும். கெண்டைக்காலின் பின்பக்கச் சிரை என்றாலும் இதே கதை, அங்கே வேறொரு நரம்பு ஒட்டிப் போகிறது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரிகிற புடைப்பு. அது போகத்தான் எல்லோரும் வருகிறோம், ஆனால் லேசர் மூடுவது புடைப்பை இல்லை, அதற்கு ரத்தம் அனுப்புகிற மேல் குழாயை. சிலருக்குப் புடைப்பு தானாக வற்றிவிடும், சிலருக்கு அப்படியே நிற்கும். அதைச் சின்னச் சின்னத் துளை போட்டுக் கொக்கியால் எடுப்பார்கள், இல்லையென்றால் ஃபோம். அதே நாளில் செய்வார்களா, இல்லை பொறுத்துப் பார்க்கச் சொல்வார்களா என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்டாக்கிங்ஸைக் கழற்றுகிற அன்றைக்கு ஏமாற்றமாக இருக்கும்.

மாடிப்படி

@தொட்டா_தெரியாது மூன்றாவது பாயிண்ட் ரொம்பச் சரி. எனக்கு அதே நாளில் எடுத்துவிட்டார்கள், துளை போட்ட இடத்தில் தடம் தேடினால்தான் தெரிகிறது. பழுப்பு நிறம் மட்டும் ரொம்ப மாதம் இருந்தது.

அம்மாவின்_கால்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், "எதுக்கு வீண் வேலை" என்பதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. என் அம்மாவும் அப்படியே விட்டுவிட்டார். முதலில் கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்தது, அப்புறம் கெட்டியானது, அரிப்பு, சொறிந்த இடத்தில் புண். ஆறும், மறுபடி திறக்கும். கட்டுப் போட்டுப் போட்டு அலுத்துப்போய்விட்டார். முதலில் புண் ஆறட்டும், பிறகு சிரையைப் பார்க்கலாம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னால் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னார். பிரிட்டனில் 450 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளிவந்த எவ்ரா என்ற ஆய்வில், புண் இருக்கும்போதே சீக்கிரம் சிரையை மூடினவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளுக்குள் ஆறிவிட்டது, கட்டு மட்டும் போட்டுப் பொறுத்திருந்தவர்களுக்கு அது 82 நாள் ஆனது என்றார். இரண்டு தரப்புக்கும் கட்டு உண்டு, சிரையை மூடினது எப்போது என்பதுதான் வித்தியாசம். அம்மாவுக்கும் மூடினோம், ஆறியது.

உங்களுக்குத் தோல் நிறம் மாறியிருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மாறியிருந்தால் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம்.

நாள்பூரா_நிற்பவள்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், ஆழச் சிரைகள் நன்றாக இருக்கின்றன என்றுதான் போட்டிருக்கிறது. தோல் நிறம் கணுக்கால் பக்கம் லேசாக மங்கலாக இருக்கிற மாதிரி தெரிகிறது, எனக்கே சந்தேகம். இன்னும் சில கேள்வி. ரேடியோ ஃப்ரீக்வென்சி, பசை வைத்து ஒட்டுவது என்றெல்லாம் சொல்கிறார்களே, லேசரைவிட அது நல்லதா? பிற்காலத்தில் இதய பைபாஸ் வந்தால் காலிலிருந்துதானே குழாய் எடுப்பார்கள், அதை மூடிவிட்டால்? அப்புறம் பள்ளி விடுமுறையில் நீண்ட விமானப் பயணம் ஒன்று இருக்கிறது, அதற்கு முன்னால் முடித்துவிடலாமா?

ஸ்கேன்_ரூம்

பயணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னால் வேண்டாம். செய்துகொண்ட பிறகு சில வாரங்களுக்கு நீண்ட விமானப் பயணத்தைத் தவிர்க்கத்தான் சொல்வார்கள், பலர் நான்கு வாரம் என்று சொல்வதுண்டு. போய்வந்து நிதானமாகச் செய்துகொள்ளுங்கள், பயணத்தில் ஸ்டாக்கிங்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதையும். கர்ப்பத்தின்போது இதைச் செய்வதில்லை, பிரசவம் முடிந்து பொறுத்துத்தான் பார்ப்பார்கள்.

ரேடியோ ஃப்ரீக்வென்சியும் சூடுதான், லேசருக்குப் பதில் சுமார் 120 டிகிரி வரை சூடாகிற ஒரு முனை. குழாய் மூடுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய 810, 980 நானோமீட்டர் லேசர்களில் வலியும் கன்றலும் கொஞ்சம் கூடுதல். இப்போது பரவலாக இருக்கிற 1470, பெரும்பாலும் சிரைச் சுவரில் இருக்கிற தண்ணீரைச் சூடாக்குகிறது, அதோடு சுற்றிலும் ஒளி வீசுகிற ஃபைபர் வைத்தால் வலி குறைகிறது. பசைக்கு அந்த வரிசை ஊசிகள் வேண்டாம், அது பெரிய சௌகரியம், ஆனால் சிலருக்குக் குழாய் நெடுக ஒவ்வாமை மாதிரிச் சிவந்து தடிக்கும், பசை உடம்பிலேயே இருந்துவிடும். என் கருத்தைக் கேட்டால், இயந்திரத்தைத் தேடி அலைவதைவிட உங்கள் டாக்டர் எதை அடிக்கடி செய்கிறாரோ அதற்கே விடுங்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டியில்கூட லேசர், ரேடியோ ஃப்ரீக்வென்சி இரண்டும் ஒரே படியில், அது முடியாவிட்டால் ஃபோம், அதுவும் முடியாவிட்டால்தான் ஆபரேஷன்.

பைபாஸ் கேள்வி எல்லோரும் கேட்பது. இப்படி அகன்று சுருண்டுபோன குழாய் பைபாஸுக்குப் பெரும்பாலும் உதவாது. அடுத்த கால் இருக்கிறது, மார்பிலும் கையிலும் இருந்து எடுக்கிற தமனிகளும் இருக்கின்றன.

செய்த பிறகு சில நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். மூடின இடத்திலிருந்து ரத்தக்கட்டு ஆழச் சிரைக்குள் எட்டிப் பார்க்கிறதா என்று பார்க்கத்தான் அது. அரிதுதான், நூற்றில் ஓரிருவருக்கு வருகிற அளவு, ஆனால் வந்தால் மருந்து வேண்டியிருக்கலாம். @மாடிப்படி சொன்ன கயிறு மாதிரி விறைப்பு தொடையின் உள்பக்கம், மூடின குழாயின் பாதையிலேயே இருக்கும். அப்படி இல்லாமல் கெண்டைக்கால் முழுக்க வீங்கி, இறுகி, சூடாகி வலித்தால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி என்றால் நேராக அவசரப் பிரிவு.

கணுக்கால் மங்கலை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், ரிப்போர்ட்டில் சி2 (புடைப்பு மட்டும்) என்று போட்டிருந்தால் அது சி4 (தோலும் மாறியிருக்கிறது) ஆகிவிடும், அவசரம் கொஞ்சம் மாறும்.

நாள்பூரா_நிற்பவள்

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். மங்கல் இருப்பது உண்மைதான் என்றார், ஆனால் பயணம் முடியும்வரை பொறுக்கலாமாம், அதுவரை ஸ்டாக்கிங்ஸ். லேசர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரைதான், அதற்குக் கீழே இருக்கிற புடைப்புகளை அதே நாளில் துளை போட்டு எடுத்துவிடுவதாகச் சொன்னார். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனதைப் பார்த்து யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். ஸ்டாக்கிங்ஸ் ஒரு ஜோடி போதுமா, இரண்டு வாங்கவா?

மாடிப்படி

இரண்டு. தினமும் துவைக்க வேண்டியிருக்கும், வெயிலில் போடாதீர்கள், நிழலில் காய மறுநாள் ஆகிவிடும். உங்களுக்கு ஒரு காலுக்குத்தானே, ஒற்றைக்கால் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.